டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 320 பக்க விதிப்புத்தகம் வாங்கி 40 பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. என் ஆங்கிலம்தான் காரணமா?

இல்லை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய புண்ணில் விரல் பட்டதுபோல் இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். (தெரியாதவர்களுக்கு: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு இது.)

320 பக்கம் என்கிறீர்கள். அப்படியென்றால் கையில் இருப்பது 2014 பதிப்பு. நீங்கள் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகம் படித்து வளர்ந்த எல்லோரும் அப்படித்தான் செய்வோம். 40ஆம் பக்கத்தில் எல்ஃப், குள்ளர் என்று பாத்திரங்களுக்கான கற்பனை இனங்களின் கதையே முடிந்திருக்காது. பகடையை எப்போது, எதற்கு உருட்ட வேண்டும் என்ற விரிவான விதி ஏழாம் அத்தியாயத்தில், 173ஆம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சண்டை விதி ஒன்பதாம் அத்தியாயத்தில், 189இல். விதிப்புத்தகம் தேவைப்படும்போது புரட்டிப் பார்ப்பதற்குத்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரி, அதை அட்டையிலேயே போட்டுத் தொலைத்திருக்கலாமே.

என் கதைக்கு வருகிறேன். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வேலைக்குச் சேர்ந்த பிறகு வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் சனிக்கிழமைதோறும் ஆறு பேர் விளையாடுவார்கள். போய் ஒட்டிக்கொண்டேன். எனக்கு மந்திரவாதி பாத்திரம். புத்தகத்தை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஃபயர்பால் என்ற மந்திரம் கண்ணில் பட்டது. சுட்டிய விரலிலிருந்து ஒளிக்கீற்று கிளம்பி, போய் விழுந்த இடத்தில் 20 அடி ஆரத்துக்குத் தீயாக வெடிக்கும். எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிச் சேதத்தைக் கூட்ட வேண்டும். மேலே ‘மூன்றாம் லெவல்’ என்று போட்டிருந்தது. என் மந்திரவாதியும் மூன்றாம் லெவல். அவ்வளவுதான், அடுத்த சனிக்கிழமை பெருமையாக ‘ஃபயர்பால்!’ என்று கத்தினேன்.

மேசையே சிரித்தது. மூன்றாம் லெவல் மந்திரம் மந்திரவாதிக்கு ஐந்தாம் லெவலில்தான் வரும். மந்திரத்தின் லெவல் வேறு, விளையாட விளையாட ஏறும் ஆளின் லெவல் வேறு. ‘இங்கிலீஷ் புக்கை இங்கிலீஷ் தெரிந்தவன்தான் படிக்கணும்’ என்றார் ஒருவர். விளையாட்டாகத்தான் சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டிலேயே இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார். லெவல் என்ற சொல் ஆளுக்கும் மந்திரத்துக்கும் பூதத்துக்கும் நிலவறையின் ஆழத்துக்கும் பயன்படுகிறது. வேறு வேறு பெயர் வைக்க யோசித்தோம், எல்லோருக்கும் இதுவே பழகிவிட்டதால் விட்டுவிட்டோம் என்கிறார். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கே விளக்கம் தேவைப்பட்ட சொல்லில் விழுந்ததற்கு நான் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன்.

ஆங்கிலம் சரளமாக வந்தால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒரு வக்கீல் அக்கா உண்டு. கைகலப்பு ஆயுதத் தாக்குதல் என்பதும் கைகலப்பு ஆயுதத்தால் தாக்குதல் என்பதும் அந்தப் புத்தகத்தில் ஒன்றல்ல. வெறுங்கையால் குத்தினால் முதலாவது, இரண்டாவது அல்ல! அந்த அக்கா இதை வைத்து அரை மணி நேரம் வாதாடினார். சட்டப் பிரிவைப் படிப்பதுபோல் படிப்பவருக்கு அந்தப் புத்தகம் தேன். இன்னொரு நண்பருக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிரச்சினை. பழைய தோல் காகிதம்போல் கறை படிந்த பின்னணி, இரண்டு பத்தியாக நெருக்கிய எழுத்து, கடைசியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சிட்ட சொல்லடைவு, அதிலும் ஒரு சொல்லைத் தேடிப் போனால் ‘அங்கே பார்’ என்று இன்னொரு சொல்லுக்குத் துரத்திவிடும். அவர் புத்தகத்தைத் தொடவே மாட்டார். ஆனால் எங்களில் விதி நன்றாகத் தெரிந்தவர் அவர்தான், எல்லாம் மேசையில் கேட்டுக் கற்றது.

சொல்லிக்கொடுக்கிற மாதிரி எழுத முடியாது என்பதும் இல்லை. 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டிப் பதிப்பு, நீங்கள் ஒரு வீரன், குகைக்குள் போகிறீர்கள் என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு பாம்போடு சண்டை போட்டு முடிக்கும்போது உங்களுக்கே தெரியாமல் பாதி விதி தெரிந்திருக்கும். 2024இல் வந்த புதிய பதிப்பிலும் கடைசியில் விதிச் சொற்களை அகரவரிசையில் விளக்கியிருக்கிறார்கள்.

உங்கள் புத்தகத்தில் முன்னுரையைப் படியுங்கள், அப்புறம் ஏழாம் அத்தியாயம், ஒன்பதாம் அத்தியாயம். இந்த இரண்டு அத்தியாயமும் சேர்ந்து 20 பக்கம்கூட வராது. மிச்சத்தை விட்டுவிட்டு யாருடனாவது விளையாட உட்காருங்கள்.

இன்னொன்று, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். யாருக்கும் இரவல் தராதீர்கள். நான் பிறகு சொந்தமாக வாங்கிய புத்தகத்தை ஒருவர் ‘ரெண்டே நாள்’ என்று எடுத்துப் போனார். இரண்டு வருடம் கழித்து வந்தது, போர்க்கள அத்தியாயம் முழுக்கச் சாம்பார் வாசனையோடு. கேட்டால், ‘அது ஏற்கெனவே இருந்தது’ என்றார்.

ஃபயர்பால் கடைசியில் போட்டேனா என்றால், போட்டேன். ஐந்தாம் லெவல் வர ஏழு மாதம் ஆனது. எட்டுப் பகடையில் 19தான் விழுந்தது. எதிரே நின்ற ஓகர் என்ற ராட்சதனுக்கு 59 உயிர்ப்புள்ளி, அதாவது அவ்வளவு சேதம் தாங்குவான், அசையவே இல்லை. அந்த 20 அடிக்குள் இருக்கும் ‘ஒவ்வொரு உயிரும்’ என்று விதி சொல்வதைப் பத்து முறையாவது படித்திருப்பேன். அதில் எங்கள் வக்கீல் அக்காவும் சேர்த்தி என்பது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது.