ரெண்டு பழைய ஜீப்ல ஒரு நல்ல வண்டி

கேள்வி: எங்க ஏலத்தோட்டத்துல ரெண்டு பழைய மஹிந்திரா எம்எம் 540 நிக்குது, ஒண்ணுல இன்ஜின் நல்லாருக்கு ஆனா சேஸிஸ் (அடிச்சட்டம்) துரு, இன்னொண்ணு அப்படியே நேர்மாறு. சேத்து லோடு அடிக்கிற மாதிரி ஒரே வண்டியா பண்ணலாமா?
– வாசகர், போடி

பதில்: தாராளமா பண்ணலாங்க. ஆர்சி எந்த சேஸிஸோட இருக்கோ அதுதான் உங்க வண்டி, அதனால ரெண்டு சேஸிஸை வெட்டி ஒட்டுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் பட்டை மாட்டுற இடத்துல சுத்தியலால தட்டிப் பாருங்க, டங்குன்னு கேட்டா நல்ல இரும்பு, பொத்துன்னு கேட்டா உள்ளுக்குள்ள அரிச்சிருக்கு. அந்த 2112 சிசி டீசல் இன்ஜினை அப்படியே இறக்கி மாட்டிடலாம், ஆனா ஆக்ஸில்லதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க! முன்னாடியும் பின்னாடியும் ரேஷியோ, அதாவது வீல் ஒரு சுத்து சுத்த ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டு போற தண்டு) எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு, ஒண்ணா இருந்தே ஆகணும், இல்லன்னா ஃபோர் வீல் போட்டதும் எல்லாம் இறுகி, ரெண்டு ஆக்ஸிலுக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸே போயிரும். கியரை நியூட்ரல்ல வச்சு, பின்னாடி ஒரு வீலை மட்டும் தூக்கி ரெண்டு சுத்து சுத்துங்க (இன்னொரு வீல் தரையில நிக்கிறதால ரெண்டு சுத்துதான் ஒரு சுத்துக்குச் சமம்), ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அஞ்சு சுத்துக்குக் கொஞ்சம் கம்மியா வந்தா 4.88, அஞ்சரைக்குக் கிட்ட வந்தா 5.38. முன்னாடியும் இதே மாதிரி எண்ணிப் பாருங்க. இன்ஜின் நம்பர் மாறுறதால வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்டிஓல அனுமதி வாங்கிடுங்க.