மருத்துவ உதவிக் குழுவில் லாஜிஸ்டிஷியனுக்கு என்ன வேலை? டீசல் மெக்கானிக்காக இருக்கும் நான் போக முடியுமா?

தாராளமாகப் போகலாம், மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவன். தெற்கு சூடானில் பெந்தியு முகாமில் வேலை பார்த்தேன். உள்நாட்டுப் போரில் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல் அங்கே தங்கியிருந்த காலமும் உண்டு. ஜெனரேட்டர், தண்ணீர், வண்டி, ரேடியோ, மருந்துக் கிடங்கு, கழிப்பறை எல்லாமே லாஜிஸ்டிஷியன் பொறுப்புதான்.

ஆனால் என்னை மிகவும் பயமுறுத்தியது ஐஸ்.

வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் அது. தடுப்பூசி சூட்டில் கெட்டுவிடுமோ என்றுதான் புதிதாக வருகிற எல்லோரும் கவலைப்படுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய டெட்டனஸ், பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) மாதிரி தடுப்பூசிகள் ஒரு தடவை உறைந்தாலே போச்சு. மறுபடி உருகினாலும் போடக்கூடாது. குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும், ஆனால் உறைந்து கெட்டதை அது காட்டாது.

முதல் மாதம் ஒரு விடியற்காலை, வண்டிக்கு நேரமாகிவிட்டதே என்று ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை அப்படியே தடுப்பூசிப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். போய்ச் சேர்ந்து நர்ஸ் பெட்டியைத் திறந்தால், உள்ளே வைத்திருந்த ஃப்ரீஸ் டேக்கில் (உறையும் குளிர் பட்டதா என்று காட்டும் சின்னக் கருவி) டிக் குறி போய்ப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. டெட்டனஸ் ஊசிக்காகக் காத்திருந்த கர்ப்பிணிகளைத் திருப்பி அனுப்பினோம். இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த முகங்கள் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அப்புறம் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. பேக்குகளை மேசையில் பரப்பி வியர்க்க விடுவேன். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே களக்கென்று தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். காலைக் குளிரில் அதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதற்குத் தக்கபடி முன்னாலேயே எழுந்துகொள்வேன்.

இன்னொன்று மழை. அங்கே மே முதல் அக்டோபர் வரை பெய்யும். நம்ம ஊர்க் கரிசல் மாதிரி மண், நனைந்தால் லாரி அச்சு வரை புதையும், மண் ஓடுபாதையில் விமானமும் இறங்காது. அதனால் மழைக்காலச் சரக்கெல்லாம் கோடையிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும். காலரா சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு நாளைக்கு 60 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைப்போம். மழை பிடித்த பிறகு குளோரின் தீர்ந்துபோனால் யாரிடம் போய்க் கேட்பது?

டீசல் இன்ஜின் தெரிந்த ஆளுக்கு அங்கே பெரிய மதிப்பு. இரவில் ஜெனரேட்டர் நின்றால் ஆக்சிஜன் இயந்திரமும் நின்றுவிடும், உங்களைத்தான் எழுப்புவார்கள். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். காங்கோ, சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு மாதிரி இடங்களுக்கும் வழி திறக்கும்.