நாலு கோடும் நிக்குது, வீடியோ கோலும் நிக்குது: டவர் அப்கிரேட் செய்தும் ஏன்?

புங்குடுதீவிலை இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா, கொஞ்சம் சுருக்கிப் போடுறன். "தம்பி, எங்கட பக்கத்து டவரை அப்கிரேட் செய்தாச்சு எண்டு மூண்டு மாசத்துக்கு முன்னம் மெசேஜ் வந்தது. அதுக்குப் பிறகு போனிலை எந்த நேரமும் நாலு கோடும் ஃபுல்லா நிக்குது. ஆனா பின்னேரம் ஏழரைக்கு ரொறன்ரோவிலை இருக்கிற மகளுக்கு வட்ஸ்அப் வீடியோ எடுத்தா அவவின்ர முகம் எனக்கு வடிவாத் தெரியுது, அவ 'அம்மா நீங்கள் சிலை மாதிரி நிக்கிறியள்' எண்டுறா. விடியக்காலமை எடுத்தா ஒரு பிரச்சினையும் இல்லை. 5ஜி போன் ஒண்டு வாங்கி அனுப்பவோ எண்டு மகள் கேக்கிறா, அனுப்பச் சொல்லட்டோ?"

வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா. ஆயிரம் டொலர் போன் வந்தாலும் ஏழரை மணிக்கு நீங்கள் சிலைதான். 5ஜிக்கு முக்கியமா எடுக்கிற அலைவரிசை 3.5 கிகாஹேர்ட்ஸ் பக்கம், அது மதிலைக் கண்டாலே களைச்சுப் போற சாதி, டவரிலை இருந்து கனதூரம் போகாது, அதாலை சனம் நெருக்கமா இருக்கிற ரவுண் பக்கங்களுக்குத்தான் முதல் போடுவினம், தீவுப்பகுதிக்குக் கடைசியாத்தான் வரும். உங்களுக்குப் பிரச்சினை போனிலை இல்லை, அதுவும் நீங்களே கண்டுபிடிச்சு எழுதியிட்டியள்: காலமை ஓடுது, பின்னேரம் ஓடேல்லை. போன் பழுதெண்டா விடியவும் பழுதாத்தானே இருக்கும்.

முதல் அந்தக் கோட்டை நம்புறதை விடுங்கோ. கோடு சொல்லுறது டவரின்ர சத்தம் உங்கட போனுக்கு எவ்வளவு பலமாக் கேக்குது எண்டதை மட்டும்தான். அந்த டவரை எத்தினை பேர் பங்கு போடுகினம் எண்டு அதுக்குத் தெரியாது. எங்கட பங்குக் கிணறு ஞாபகம் இருக்கும்தானே, நாலைஞ்சு தோட்டக்காரருக்கு ஒரு கிணறு, ஆளுக்கு முறை வைச்சு இறைக்கிறது. டவரும் அதுதான், முறை மட்டும் செக்கனிலை ஆயிரத்திலை ஒரு பங்குக்கு ஒருக்கா மாறும், இந்தக் கணம் உங்களுக்கு, அடுத்த கணம் பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு. விடிய அஞ்சு மணிக்கு கிணறு முழுக்க உங்களுக்கு. பின்னேரம் ஏழரைக்கு ஊரே வாளியோட நிக்கும், ஆரோ யூடியூப்பிலை சீரியல், பிள்ளையளுக்கு சூம் வகுப்பு, பெடியள் டிக்டொக், இதுக்கு மேலை வீட்டுக்கு வீடு 4ஜி ரவுட்டர். தீவுகளிலை கனபேருக்கு ஃபைபர் இல்லாததாலை வீட்டு இன்டர்நெட்டும் அதே டவரிலைதான் தண்ணி அள்ளுது, ஒரு ரவுட்டர் ஒரு குடும்பத்தின்ர ரீவி, லப்டொப் எல்லாத்தையும் சேத்து இழுக்கும்.

சரி, அப்ப அப்கிரேட் எண்டு என்னத்தைச் செய்தவை? நான் பத்துப் பன்னிரண்டு வருசம் டவரிலை அன்ரனா பூட்டுற, சிக்னல் அளக்கிற வேலையிலை நிண்டனான், அதாலை இதை கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். அப்கிரேட் எண்டோன்ன சனம் நினைக்கிறது ரோட்டை அகலிச்சுத் தந்திருக்கினம் எண்டு. அனேகமா அப்படி இல்லை, இருக்கிற அதே காணியிலை பயிரை மாத்தியிருக்கினம். காணி எண்டு நான் சொல்லுறது கொம்பனியளுக்குக் குடுத்திருக்கிற அலைவரிசையை. இதுக்கு அந்தத் துறையிலை வைச்ச பேரே ரீஃபார்மிங், குரக்கன் நிண்ட துண்டை உழுது வெங்காயம் வைக்கிறது மாதிரி. 2ஜிக்கு ஒரு சேனல் 200 கிலோஹேர்ட்ஸ், 3ஜிக்கு 5 மெகாஹேர்ட்ஸ், 4ஜி எண்டா 1.4இலை இருந்து 20 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் எடுக்கலாம். அப்ப 900 மெகாஹேர்ட்ஸ் காணியிலை 2ஜியை ஒரு மூலைக்கு ஒதுக்கிப்போட்டு மிச்சத்திலை 4ஜி வைக்கினம். 2ஜியை முழுசாப் பிடுங்கவும் ஏலாது, பட்டன் போன் வைச்சிருக்கிற ஐயாமாரும், கடைகளிலை நிக்கிற சில பழைய கார்ட் மெசின்களும் அதிலைதான் உயிர் வாழுதுகள்.

காணியின்ர அளவைப் பாருங்கோ. 900 மெகாஹேர்ட்ஸ் எண்டுற வரிசை முழுக்கச் சேத்தாலும் போக ஒரு 35 மெகாஹேர்ட்ஸ், வர ஒரு 35. 1800இலை 75, 2100இலை 60. ஒரு கொம்பனிக்கு இவ்வளவு இல்லை, இருக்கிற எல்லாருக்கும் பங்கு பிரிக்கத்தான் இது. ஹட்ச் 2018இலை எடிசலாட்டை வாங்கினது, ஏர்டெல் 2024இலை டயலொக்கோட சேந்தது, அதாலை இப்ப டயலொக், மொபிட்டல், ஹட்ச் எண்டு மூண்டு பேர்தான். பங்காளியள் குறைஞ்சா வேலி குறையும், துண்டு பெரிசாகும், அது நல்லதுதான், ஆனா காணி ஒரு பரப்புக்கூட வளராது. 4ஜிக்கு 10 மெகாஹேர்ட்ஸ் குடுத்தா வழமையான ரெண்டு அன்ரனாப் போனுக்கு கணக்குக்கு செக்கனுக்கு 75 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகம் வரும், 20 குடுத்தா 150. அது கடதாசியிலை. வெளியிலை அதிலை அரைவாசி வந்தாலே பெரிசு, அதுவும் டவரின்ர ஒரு முகத்துக்கு, அந்தப் பக்கம் இருக்கிற முழுச் சனத்துக்கும். நாப்பது வீட்டிலை ஆளுக்கு ஒரு எச்டி வீடியோ 5 எம்பிபிஎஸ் எண்டு போட்டா 200, எங்க போய் இறைக்கிறது?

புதுக் காணி இல்லையோ எண்டு கேப்பியள். இருக்கு, 700 மெகாஹேர்ட்ஸ். தூரம் போகும், சுவருக்குள்ளாலையும் போகும், தீவுகளுக்கெண்டே செய்த மாதிரி ஒரு சாமான். ஆனா அது பழைய ரீவி ஒளிபரப்புக்கு எண்டு ஒதுக்கின இடம், டிஜிட்டல் ரீவிக்கு மாறினாத்தான் காலியாகும், அந்த மாற்றத்துக்கு ஜப்பான் முறையைத் தெரிவு செய்து பத்து வருசம் தாண்டியும் எங்கட நாட்டிலை கதை இழுபட்டுக்கொண்டு கிடக்கு. அங்கால இந்தியாவிலை ஜியோ 2022 ஏலத்திலை 700ஐ வாங்கி 5ஜிக்குப் பாவிக்குது. எங்களுக்கும் அவைக்கும் இடையிலை இருக்கிறது ஒரு துண்டுக் கடல். 80களிலை பனை உயரத்துக்குப் பைப் நட்டு அன்ரனா கட்டி தூரதர்ஷன் பாத்த ஊர் எங்கட ஊர், கடலுக்கு மேலாலை அலை எவ்வளவு வடிவா வரும் எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. காத்தில்லாத புழுக்கமான நாளிலை இன்னும் தூரம் வரும். அண்டைக்கு அது படமா வந்தது, இண்டைக்கு இந்திய டவரின்ர அலை, அதே வரிசையிலை ஓடுற எங்கட டவருக்கு இரைச்சலா வரலாம். மேற்குக் கரையிலை சிலவேளை போனிலை இந்திய நெட்வேர்க்கின்ர பேர் தெரியிறதும் இதாலைதான், டேட்டா ரோமிங்கை ஓஃப் பண்ணி, நெட்வேர்க்கை ஓட்டோவிலை விடாமல் உங்கட கொம்பனியைத் தெரிவு செய்து வையுங்கோ, இல்லாட்டி மாசக் கடைசியிலை பில்லைப் பாத்து நெஞ்சு வலிக்கும்.

இப்ப உங்கட கேள்வியிலை எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வாறன். மகளின்ர முகம் தெரியுது, உங்கட முகம் போகுதில்லை. டவர் ஒரு வரிசைக்கு 20, 40 வாட்டிலை கத்தும். உங்கட போன் கூடினது 0.2 வாட். கோயில் லவுட்ஸ்பீக்கர் உங்களுக்குக் கேக்கும், நீங்கள் வீட்டுக்குள்ளை இருந்து கூப்பிட்டா ஐயருக்குக் கேக்குமோ? பிளேட் போட்ட வீடும் தகரக் கூரையும் இதை இன்னும் மோசமாக்கும். பின்னேரம் ஊர்ப் போன் எல்லாம் சேந்து கத்தேக்கை உங்கட 0.2 வாட் அதுக்குள்ளை அமுங்கிப் போகும். படம் பாக்கிறவைக்கு இது தெரியாது, அவை எடுக்கிறது மட்டும்தானே. வீடியோ கோலுக்குத்தான் குடுக்கவும் வேணும், எடுக்கவும் வேணும்.

அதாலை காசில்லாத வேலையை முதல் செய்து பாருங்கோ. ஹோலிலை சார்ஜிலை போட்டபடி கதைக்காமல், டவர் இருக்கிற பக்கத்து யன்னலடிக்கோ விறாந்தைக்கோ வாங்கோ. எந்த இடம் நல்லது எண்டு அளக்கலாம்: அன்ட்ரொயிட் போன் எண்டா டயல் பண்ணுற இடத்திலை *#*#4636#*#* அடிச்சா கன போன்களிலை ஒரு பக்கம் திறக்கும், அதிலை சிக்னலுக்கு நேரை -87, -104 எண்டு ஒரு இலக்கம் நிக்கும். -85க்குக் கிட்ட எண்டா நல்லம், -110 எண்டா மோசம், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. வீடு முழுக்க ஒருக்கா நடந்து பாருங்கோ, ஒரே வீட்டுக்குள்ளை குசினிக்கும் விறாந்தைக்கும் இருபது வித்தியாசம் நான் கண்டிருக்கிறன்.

அடுத்தது, வீட்டிலை மற்ற ஆக்களின்ர போனை வாங்கிப் பாருங்கோ. ஒருக்கா சொந்தக்கார வீடொண்டிலை இதே முறைப்பாடு, டவர், சிம், ரவுட்டர் எல்லாத்துக்கும் பேச்சு விழுந்தது, கடைசியிலை பாத்தா மருமோனின்ர போன் கலியாண வீட்டு வீடியோ முழுக்க கூகிள் போட்டோசுக்கு ஏத்திக்கொண்டு நிக்குது, நாலு நாளா. அந்த பேக்கப்பை இரவு பன்னிரண்டுக்குப் பிறகு போட்டா காணும். வட்ஸ்அப் செட்டிங்ஸிலை கோலுக்கு டேட்டாவைக் குறைச்சுப் பாவிக்கச் சொல்லுற ஒரு தெரிவும் இருக்கு, அதை ஓன் பண்ணுங்கோ, முகம் கொஞ்சம் மங்கும், ஆனா நிக்காது.

காசு செலவழிக்கிறதெண்டா போனுக்கு இல்லை. ரவுட்டர் பாவிச்சா அதுக்குப் பின்னாலை அன்ரனா பூட்டுற ஓட்டை இருக்கோ எண்டு பாத்து, டவரை நேரை பாக்கிற மாதிரி கூரைக்கு மேலை ஒரு பனல் அன்ரனா பூட்டலாம், வயரை மட்டும் கட்டையா வையுங்கோ, நீள வயர் இழுத்தா அன்ரனாவாலை வந்த லாபத்தை வயரே தின்னும். ஒன்லைனிலை விக்கிற சிக்னல் பூஸ்டர் மட்டும் வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின்ர அனுமதி இல்லாமல் பூட்டினா சட்டப்படி பிழை, அது மட்டும் இல்லை, மலிவுப் பூஸ்டர் தன்ர சத்தத்தையே தானே கேட்டு ஊளையிட்டு முழு டவருக்கும் இரைச்சல் ஏத்திவிடும், நீங்கள் பூட்டினா ஊருக்கே கோல் நிக்கும். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையிலை இருந்து இங்க இருக்கு, டவரை நம்பத் தேவையில்லை, ஆனா மகளோட கதைக்க மட்டும் எண்டா அது கொக்குக்கு பீரங்கி. அதுக்கு முதல் வேற கொம்பனி சிம் ஒண்டை ஏழரை மணிக்குப் போட்டுப் பாருங்கோ, காலமை இல்லை, ஏழரைக்கு. சனம் குறைஞ்ச கிணறு பக்கத்திலை இருக்கலாம்.

முறைப்பாடு செய்யுறதெண்டா "சிக்னல் இல்லை" எண்டு சொல்லாதேங்கோ, அவை கோட்டைப் பாத்து நல்லா இருக்கெண்டு போனை வைச்சிடுவினம். "சிக்னல் -87, விடிய அஞ்சுக்கு அப்லோட் இவ்வளவு, பின்னேரம் ஏழரைக்கு இவ்வளவு" எண்டு மூண்டு நாள் ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷொட்டோட குடுங்கோ. டவரிலை நீட்டுப் பலகை மாதிரி நிக்கிறது எங்களுக்கான அன்ரனா, வெள்ளை மேளம் மாதிரி வட்டமா இருக்கிறது டவரில இருந்து வெளியாலை போற மைக்ரோவேவ் இணைப்பு, சிலவேளை கிணத்திலை தண்ணி இருந்தும் அந்தக் குழாய்தான் சின்னனா இருக்கும், உங்கட ஸ்கிரீன்ஷொட்டைப் பாத்தாத்தான் அவையும் அதைத் தேடுவினம். கொம்பனி அசையாட்டி ஆணைக்குழுவுக்கு 1900. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்காரர் வாசிச்சா உங்களுக்கு இன்னொண்டும் இருக்கு, கரண்ட் போன நேரம் டவர் பற்றரியை மிச்சம் பிடிக்க சில வரிசையளை நிப்பாட்டி வைக்கும், எந்த நேரம் கரண்ட் போனது எண்டதையும் சேத்து எழுதுங்கோ.

மகளுக்கு ஆசையெண்டு போன் அனுப்பத்தான் போறா எண்டா, 5ஜி எண்டு பாக்காமல் 4ஜியிலை பேண்ட் 1, 3, 8 (நான் மேலை சொன்ன 2100, 1800, 900 வரிசையள்) இருக்கோ, அங்கத்தைய கொம்பனிக்கு லொக் இல்லையோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. வெளிநாட்டுப் போன் சிலதிலை இங்கத்தைய சிம்முக்கு வோல்ட்இ, அதாவது 4ஜியிலையே சாதாரணக் கோல் கதைக்கிற வசதி, வேலை செய்யாது, அப்ப சாதாரணக் கோல் ஒண்டு வந்தவுடன போன் பழைய நெட்வேர்க்குக்கு இறங்கி டேட்டா அறும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு இங்க முதல்தரம் சிம் போடுற போனுக்கு ஐஎம்ஈஐ (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்) பதிவும் வேணும், அந்த நம்பரை 1909க்கு மெசேஜ் அனுப்பிப் பாக்கலாம்.

அதுவரைக்கும் ஏழரையை விடுங்கோ. நீங்கள் விடிய அஞ்சரைக்கு எடுத்தா கோடை காலத்திலை ரொறன்ரோவிலை முதல்நாள் இரவு எட்டு மணி, மாரியிலை ஏழு மணி. மகளும் வேலையாலை வந்திருப்பா, பேரப்பிள்ளையள் படுக்க முதல் உங்களைப் பாக்கலாம், கிணத்தடியிலையும் அந்த நேரம் நீங்கள் மட்டும்தான்.