தண்ணீர் பீய்ச்சியும் தூசி அடங்காதது ஏன்?

கேள்வி: என் கணவர் முன்பு தோட்டத்தில் பால்மரம் சீவினார். இப்போது கருங்கல் குவாரியில், கல்லுடைக்கும் கிரஷர் அருகே வேலை செய்கிறார். நாள் முழுவதும் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சியும் தூசி குறையவில்லை; அவருக்கு வறட்டு இருமலும் வந்துவிட்டது. முகக்கவசம் போட்டால் போதும் என்கிறார் மேலாளர். அது சரியா?
— ஒரு வாசகி, தாப்பா, பேராக்

பதில்: போதாது. தண்ணீர் நல்ல வழிதான். ஆனால் அதைத் தூசி கிளம்பிய பிறகு பீய்ச்சுவதில் பயன் குறைவு. பெரிய நீர்த்துளி காற்றில் பாயும்போது அதன் முன்னிருக்கும் காற்று விலகி ஓடுகிறது; நுண்துகள்களும் அந்தக் காற்றோடு விலகித் தப்பிவிடுகின்றன. பெரிய துகள்கள் மட்டும் கீழே விழுவதால், தூசி அடங்கிவிட்டது போலக் கண்ணுக்குத் தோன்றும். நுரையீரலின் காற்றறைகள் வரை செல்பவையோ சுமார் 5 மைக்ரானுக்கும் சிறிய, கண்ணுக்குத் தெரியாத துகள்கள். அவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும்.

ஆகவே, கல் உடைவதற்கு முன்பே அதை நனைக்க வேண்டும். ஒவ்வொரு முறை உடையும்போதும் உலர்ந்த புதிய பரப்புகள் வெளிப்படுவதால், லோரியிலிருந்து கொட்டும் இடத்தில் ஒருமுறை நனைப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு கிரஷரின் வாயிலும் வெளியேறும் இடத்திலும் நுண்துளை முனைகள் மூலம் தெளிக்க வேண்டும். அளவு மிஞ்சினால் சல்லடைக் கண்கள் அடைத்துக்கொள்ளும். உற்பத்தி தடைபடும் என்று பல இடங்களில் குழாயையே மூடிவிடுவதற்கு இதுதான் காரணம். முனைகளைச் சரிசெய்வதை விட மூடுவது எளிது அல்லவா?

கன்வேயரிலிருந்து கல் விழும் இடம் இன்னும் மோசமானது. விழும் கல் காற்றையும் தன்னோடு இழுத்து வந்து, அடியில் தூசியோடு வெளியே தள்ளுகிறது. விழும் உயரத்தைக் குறைத்து, அந்த இடத்தைப் பெட்டிபோல மூடி, வாயில் ரப்பர் திரை தொங்கவிட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சித் துணிப்பை வடிகட்டி வழியே அனுப்ப வேண்டும். இடுக்குகளின் வழியே காற்று உள்ளே போனால் அமைப்பு வேலை செய்கிறது. வெளியே வந்தால் செய்யவில்லை.

பாறையில் துளையிடும்போதும் நீர் தேவை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-இல் தொடங்கிய ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில், சிலிக்கா எனும் கனிமம் நிறைந்த பாறையை உலர்நிலையிலேயே துளைத்ததால் கிளம்பிய தூசியால் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மடிந்தனர். துளைக்கோலின் வழியே நீர் செலுத்தும் முறை அப்போதே வழக்கத்தில் இருந்தது என்பதுதான் கொடுமை.

எல்லாக் கல்லின் தூசியும் ஒன்றல்ல. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கருங்கல்லிலோ குவார்ட்ஸ் எனும் படிகச் சிலிக்கா பொதுவாகக் கால் பங்கு அளவுக்கு இருக்கும். இதன் தூசி நுரையீரலில் ஆறாத தழும்புகளை உண்டாக்கும், காசநோய்க்கும் வழிவிடும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது.

மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு அபாய இரசாயன ஒழுங்குமுறைகளின்படி, ஆபத்தை மதிப்பிட்டு, மூலத்திலேயே கட்டுப்படுத்துவது முதலாளியின் கடமை. முகக்கவசம் கடைசி வழி. முகத்தோடு ஒட்டாத கவசமும், மருந்தகத்தில் வாங்கும் மெல்லிய கவசமும் இதற்கு உதவா. இருமலுக்கான காரணத்தை இங்கிருந்து சொல்ல இயலாது. கணவர் மருத்துவரிடம் தம் வேலை விவரத்தைச் சொல்லி, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளட்டும். தொழில்சார் நோய் என உறுதியானால் 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பிடம் இழப்பீடு கோரலாம்.

கேள்வி: வேலை முடிந்ததும் கம்பிரசர் காற்றால் சட்டையை ஊதிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். தவறில்லையே?
— ஒரு வாசகர், பீடோர்

பதில்: தவறுதான். படிந்திருந்த நுண்துகள்கள் மீண்டும் கிளம்பி உங்கள் முகத்துக்கே வருகின்றன. நுண்துகள் வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால் சட்டையைச் சுத்தம் செய்து, வேலையிடத்திலேயே உடை மாற்றி, அதைப் பைக்குள் கட்டி எடுத்துவாருங்கள். வீட்டில் உதறாமல், தண்ணீரில் நனைத்த பிறகு தனியாகத் துவையுங்கள்.