வீட்டுப் பட்டறைக்குப் பழைய லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். ஆனால் பெயிண்டைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டை, அதாவது பாகங்கள் மேலே நகரும் நீளமான இரும்புத் தளத்தைப் பார்த்து வாங்குங்கள், அதுவும் கடைய வேண்டிய பொருளைப் பிடித்துச் சுற்றும் சக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அடி நீளத்தை. மற்றதெல்லாம் கெட்டிருந்தாலும் சரிசெய்துவிடலாம்.

நான் கோவைக்காரன். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்கு ஒரு கடைசல் பட்டறை இருக்கும். கம்ப்யூட்டரால் இயங்கும் சி.என்.சி மெஷின்கள் வந்த பிறகு அந்தப் பட்டறைகளிலிருந்து பழைய லேத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. வாங்க ஆள் இல்லாவிட்டால் எடைக்குப் போய்விடும். ஐம்பது வருடம் உழைத்த மெஷினை கேஸ் கட்டிங்கில் துண்டு போடுவதைப் பார்த்தால் மனசு கேட்காது. பழைய ஆயில் இன்ஜின்களைச் சீர்செய்து ஓடவிடுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. கிடைக்காத ஒரு புஷ்ஷுக்கும் (தண்டு உள்ளே சுழலும் உலோக வளையம்) பின்னுக்கும் ஒவ்வொரு முறையும் பட்டறை வாசலில் காத்து நிற்க முடியாமல்தான் 2019-ல் சொந்தமாக ஒன்று வாங்கினேன். நாலரை அடி பெட், படிப்படியான புல்லியில் பெல்ட்டை மாற்றி வேகம் மாற்றும் கோன் புல்லி மெஷின். அதற்கு முன்னால் ஆறு மெஷின் பார்த்து வேண்டாம் என்று வந்தேன்.

என் தாய்மாமா 35 வருடம் டர்னராக (லேத் ஓட்டுபவராக) இருந்தவர். முதல் மெஷினைப் பார்க்க அவரைக் கூட்டிப் போனேன். பச்சை பெயிண்ட் பளபளவென்று இருந்தது, கைப்பிடியெல்லாம் பாலிஷ் போட்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடத் தோன்றியது. மாமா பெயிண்ட் பக்கமே திரும்பவில்லை. தோளில் கிடந்த துண்டால் பெட்டைத் துடைத்தார். சக்கைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கை ஒட்டி, டூலைச் சுமந்து பெட் மேல் நகரும் சாடில் போகவே முடியாத மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக வலது பக்கம் இழுத்தார். ஓர் இடத்தில் நகம் ‘டக்’கென்று கீழே இறங்கியது.

“மாப்ள, நீ வச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு படிக்கட்டு அங்கே இருந்தது. விரலை எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் மாமா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

காரணம் இதுதான். லேத்தில் முக்கால்வாசி வேலை சக்கை ஒட்டித்தான் நடக்கும். சாடில் அந்த ஓர் அடிக்குள்ளேயே வருடக்கணக்கில் போய்ப்போய் வரும். வார்ப்பிரும்பு கடையும்போது விழுகிற பொடி எண்ணெயோடு கலந்து அரைத்த மாவு மாதிரி ஆகிப் பெட்டைத் தேய்க்கும். எதிர் முனையில் டெயில்ஸ்டாக் பக்கம் புதுசாகவே இருக்கும், சக்குப் பக்கம் குழிந்துவிடும். குழிந்த இடத்தில் சாடில் இறங்கினால் டூலும் இடம் மாறும். ஒரே சீராகக் கடைந்தோம் என்று நினைத்த தண்டு ஒரு பக்கம் தடித்து நிற்கும். பெட்டை கிரைண்டிங் போடலாம். ஆனால் பெட் இறங்கினால் சாடிலும் அதன் முன்னால் தொங்கும் ஏப்ரனும் இறங்கிவிடும், மரை (த்ரெட்) போடும்போது சாடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ உயரம் பொருந்தாமல் போகும், அதையெல்லாம் மறுபடி தூக்கி உட்கார வைக்க வேண்டும். பழைய மெஷின் விலையைவிட அந்தச் செலவு கூடிவிடும்.

நகம் வைத்துப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. சாடிலைச் சக்குப் பக்கம் கொண்டுவந்து, கொஞ்சம் இறுக்கமாக நகரும் அளவுக்கு லாக் போல்ட்டை முடுக்குங்கள். அப்படியே வீலைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோங்கள். பாதியிலேயே இறுகி நின்றுவிட்டால் சக்குப் பக்கம் தேய்ந்திருக்கிறது. லேசாக இறுகினால் பயப்பட வேண்டாம். வீட்டு வேலைக்கு அது போதும். என் மெஷினிலும் அப்படித்தான்.

அடுத்தது ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டு. சக்குக்கு மேலே டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) வைத்து, கீழே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்புங்கள். முள் 0.02, 0.03 மி.மீ. ஆடினால் நல்ல மெஷின். அதற்கு மேல் ஆடினால் புஷ்ஷா, பேரிங்கா என்று கேளுங்கள். கன்மெட்டல் புஷ் போட்ட பழைய மெஷின்களில் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்றை எடுத்தால் ஆட்டம் குறையும். எடுக்கத் தகடே மிச்சமில்லை என்றால் புது புஷ்தான் போட வேண்டும், விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். அப்புறம் மெஷினை ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது. ஓடாமல் மூலையில் கிடக்கும் மெஷினை வாங்கினால் எடை விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போட்டுக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். உடைந்த பல்லுக்குப் பித்தளை வெல்டிங் வைத்து அரத்தால் ராவியிருப்பார்கள். அந்தப் பல் வரும்போது கையிலேயே தெரியும். மரை போடும்போது பெல்ட்டை மட்டும் மாற்றிப் போதுமான அளவு வேகத்தைக் குறைக்க முடியாது, அதனால் இதை அலட்சியமாக விடாதீர்கள்.

மரையின் இடைவெளிக்கு ஏற்ப மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர் செட் முழுசாக இருக்கிறதா என்று கேட்க நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். மெஷின் கைமாறும்போது அந்தப் பெட்டிதான் முதலில் தொலைகிறது. முக்கியமாக 127 பல் கியர். பழைய மெஷின்களில் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில்தான் இருக்கும், நாம் இன்று போடுவதோ பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை ஐந்தால் பெருக்கினால் 127 முழு எண்ணாக வருகிறது. 127 பகா எண் என்பதால் அதைவிடச் சின்ன கியர்களைச் சேர்த்து அந்தக் கணக்கைத் துல்லியமாகக் கொண்டுவர வழியில்லை. பள்ளிக்கூடத்தில் பகா எண் படித்தபோது இதெல்லாம் எங்கே உதவப்போகிறது என்று நினைத்திருந்தேன். பட்டறையில் அந்தப் பெரிய கியரைக் கையில் தூக்கியபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் ப்ளே (லூசான ஆட்டம்) இருந்தால் கவலைப்படாதீர்கள். கைப்பிடியைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் டூல் நகர்கிறது என்று சொல்லி விலையைக் குறைக்கலாம், மெஷினை ஒதுக்க வேண்டியதில்லை. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வந்தால் வேலை சரியாக வரும். தேய்ந்த நட்டுக்குப் புது நட்டு அதே மெஷினில் போட்டுக்கொள்ளலாம். சக்கும் அப்படித்தான், தனியாக வாங்கலாம். மூன்று தாடையும் சேர்ந்தே நகரும் ட்ரூ சக், டாக் சக் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் டாக் சக்கை வாங்குங்கள். நாலு தாடையும் தனித்தனியாக நகரும். சென்டர் பார்க்க நேரம் எடுக்கும், ஆனால் தேய்ந்த ட்ரூ சக்கைவிடத் துல்லியமாகப் பிடிக்கலாம், கோணல்மாணலான வார்ப்பையும் பிடிக்கலாம்.

கம்பெனி பற்றிக் கேட்பீர்கள். கர்நாடகாவின் ஹரிஹரில் 1941-ல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர், சுவிஸ் ஓர்லிகான் கூட்டோடு 1953-ல் பெங்களூரில் வந்த எச்.எம்.டி, எங்கள் ஊர் பி.எஸ்.ஜி, எல்லாம் நல்ல பேர் வாங்கிய மெஷின்கள். ஆனால் எச்.எம்.டி.யின் பெரிய மெஷின்கள் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும், வீட்டுத் தரைக்கும் வாசலுக்கும் ஒத்துவராது. பேர் பெற்ற மெஷின் தேய்ந்திருந்தால், யாருக்கும் தெரியாத பட்டறையில் செய்த தேயாத மெஷினே மேல்.

கரண்ட் விஷயம். பழைய மெஷினில் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும். அதைக் கழற்றி எறிய வேண்டாம். சிங்கிள் ஃபேஸ் உள்ளே வாங்கி த்ரீ ஃபேஸ் வெளியே தரும் வி.எஃப்.டி என்ற மின்னணுப் பெட்டி கிடைக்கிறது. வெளியே வருவதும் 230 வோல்ட்தான் என்பதால், ஸ்டார் இணைப்பில் இருக்கும் 415 வோல்ட் மோட்டாரை டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும் (இரண்டும் மோட்டார் வைண்டிங்கை இணைக்கும் முறைகள்). டெர்மினல் பெட்டியில் ஆறு வயர் இருந்தால் அரை மணி நேர வேலை. மூன்றுதான் இருந்தால் வைண்டிங் கடைக்காரர் உள்ளே பிரித்து எடுத்துத் தருவார். என் 1 எச்.பி. மோட்டார் அப்படித்தான் ஓடுகிறது, வேகத்தையும் ஒரு குமிழைத் திருகி மாற்றிக்கொள்கிறேன்.

இறக்கும்போது கவனம். லேத்துக்குத் தலைப்பக்கம்தான் கனம். சாடிலையும் டெயில்ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளி லாக் செய்துவிட்டுத் தூக்குங்கள். எங்கள் வீட்டு வாசல் சரிவில் உருளைக் குழாய் மேல் தள்ளும்போது மெஷின் ஒரு பக்கம் சாய்ந்தது. செயின் பிளாக்கை (சங்கிலிக் கப்பியை) மாட்டியே வைத்திருந்ததால் தப்பித்தோம்.

வைத்த பிறகு மட்டம் பார்க்காமல் மெஷின் சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நான் முதலில் கடைந்த 100 மி.மீ. தண்டில் இரண்டு முனைக்கும் 0.08 மி.மீ. வித்தியாசம் வந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் மாமா வந்து டெயில்ஸ்டாக் பக்கக் காலுக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டைச் சொருகி போல்ட்டை முடுக்கினார். தரை சமமில்லாததால் பெட் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அதே தண்டை மறுபடி கடைந்தோம், மைக்ரோமீட்டர் 0.02 காட்டியது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், மெஷின் உட்கார்ந்திருக்கும்.

பழைய மெஷினில் பெல்ட்டுக்கும் கியருக்கும் மூடி இருக்காது. முதல் வாரத்திலேயே தகட்டில் மூடி செய்து போடுங்கள். லுங்கி, தொங்கும் சட்டைக் கை, கையுறை எதுவும் வேண்டாம். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டால் அது குண்டு மாதிரி பறக்கும். சாவிக்கு ஒரு ஸ்பிரிங் போட்டுவிட்டால் கையை எடுத்ததும் தானாகக் கழன்று கீழே விழும். என் மெஷினில் நான் கடைந்த இரண்டாவது வேலை அதுதான்.