சிவப்புத் தலைப்பாகை மாலிக்குகள்

கேள்வி: மல்யுத்த வீராங்கனை சாக்‌ஷி மாலிக் இந்து. காஷ்மீரின் யாசின் மாலிக் முஸ்லிம். ஒரே பெயர் எப்படி வந்தது? மாலிக் என்பது சாதிப் பெயரா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: பட்டப் பெயர். சுல்தான்கள் காலத்திலிருந்து பலர் கைக்குப் போனது. காஷ்மீர் முஸ்லிம்களிலும் மாலிக் உண்டு, பஞ்சாபில் கத்ரி என்கிற வணிகச் சாதியிலும் உண்டு. இவர்களுக்குள் உறவெல்லாம் கிடையாது. ஆனால் ஹரியானாவில் ஒரு ஜாட் (அங்கே பெரிய விவசாயச் சாதி) தன்னை மாலிக் என்று சொன்னால் அவர் கட்வாலா குலத்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய சாக்‌ஷி, ரோத்தக் மாவட்டத்து மோக்ரா கிராமத்துக்காரர். ஜம்மு காஷ்மீர் ஆளுநராக இருந்த சத்யபால் மாலிக், யமுனைக்கு அந்தப் பக்கம், உத்தரப் பிரதேசத்து பாக்பத்காரர்.

வங்கி வேலையில் நான் ரோத்தக்கில் இருந்தபோது, பயிர்க்கடன் வரிசையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் முதலில் ஊர் கேட்பார்கள், அடுத்தது ‘கோத்’, அதாவது கோத்திரம். இரண்டு பேரும் மாலிக் என்று தெரிந்துவிட்டால் அந்த நிமிடமே பங்காளி. பீடி கைமாறும், என் கவுன்டரை மறந்துவிடுவார்கள்.

இந்தக் குலத்தின் தலைமை ஊர் கோஹானா பக்கத்து ஆஹுலானா. (கோஹானா என்றதும் எனக்கு நினைவு வருவது ஜலேபி. ஒன்று கால் கிலோ இருக்கும். முழுசாகத் தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

பூர்வீகம் பற்றி 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் டென்சில் இபட்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதியிருக்கிறார். தாங்கள் சரோஹா ராஜபுத்திரர் வழி என்றும், கட் கஜ்னியிலிருந்து வந்தவர்கள் என்றும் அவரிடம் சொன்னார்களாம். ஆப்கானிஸ்தானத்து கஜ்னி அல்ல, தக்காணத்தில் ஏதோ ஒரு கஜ்னி! நான் இதற்கு அதிக மதிப்பு கொடுக்க மாட்டேன். ஜாட் குலங்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு ராஜபுத்திரப் பாட்டனைக் காட்டும். ஜாட் பெண்ணைக் கட்டியதால் அவர் ஜாட் ஆகிவிட்டார் என்பார்கள்.

அதே அறிக்கையில் இருக்கும் இன்னொரு கதைதான் விஷயமுள்ளது. ராஜபுத்திரர் கை ஓங்கியிருந்த நாளில் ஜாட்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, சிவப்புத் துணி உடுத்தக் கூடாது, மாப்பிள்ளை தலையில் ‘மோர்’ என்கிற மணமுடி ஏறக் கூடாது, பெண்கள் மூக்கில் நத்து போடக் கூடாது. கட்வாலாக்கள் மண்டஹார் ராஜபுத்திரரோடு மோதி ஜெயித்து இந்தத் தடைகளை உடைத்தார்கள். மாலிக் பட்டமும் சிவப்புத் தலைப்பாகையும் அப்படி வந்தவை என்கிறது கதை. சிவப்புப் பாகை கட்டிய ஜாட்டைப் பார்த்தால் அநேகமாகக் கட்வாலாதான் என்று இபட்சன் காலத்திலும் பேச்சு. ராஜபுத்திரனுக்குப் பிறந்தோம் என்பதிலும் பெருமை, ராஜபுத்திரனை அடித்தோம் என்பதிலும் பெருமை. இரண்டாவதை நம்பலாம் போலிருக்கிறது.

கேள்வி: அவர்களுக்குள் பிரிவுகள் உண்டா? பெண் கொடுத்து எடுப்பது எப்படி?
– அதே வாசகி

பதில்: உண்டு, பல விதமாக. ஆஹுலானா பெயரால் ‘ஹவுலானியா’ என்று, பல குலங்கள் சேர்ந்த ஒரு கட்சி. எதிர்க்கட்சி தஹியா குலம், அவர்களுக்குத் தலைமை ஊர் பட்காவ். ஹூடாக்கள் மாலிக் பக்கம். தஹியா பக்கம் போனவர்களில் ஜாட்களே அல்லாத குஜ்ஜர் சாதியினரும் தியாகி என்ற சாதியினரும் இருந்தார்கள். இது பழைய பகை.

உத்தரப் பிரதேசத்தில் கட்வாலாக்களின் முக்கிய ஊர் ஷாம்லி மாவட்டத்து லிசாட். முஸ்லிமான ஜாட்களை அந்தப் பக்கம் ‘மூலே ஜாட்’ என்பார்கள். அவர்களிலும் மாலிக்குகள் இருக்கிறார்கள். மதம் மாறினாலும் கோத்திரம் போகவில்லை. ஆனால் 2013 முசாபர்நகர் கலவரத்தில் லிசாட்டின் முஸ்லிம் குடும்பங்கள் ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது.

ஊருக்குள் பார்த்தால் நிலப்பங்குப்படி பானா, அதற்குள் டோலா என்று வகுப்பு. இந்தக் கணக்கில் தலித்துகள் வர மாட்டார்கள். 2005 ஆகஸ்ட் 31 அன்று கோஹானாவில் வால்மீகி என்கிற தலித் சாதியினரின் குடியிருப்பில் ஐம்பது வீடுகளுக்கு மேல் ஜாட் கும்பல் கொளுத்தியது. ஒரு ஜாட் இளைஞர் கொலையானதற்குப் பழி தீர்ப்பாம். தலைப்பாகை கட்ட விடாததை நூற்றாண்டுக் கணக்கில் மறக்காத வட்டாரம் அது.

கல்யாணத்தில் சொந்தக் கோத்திரம், அம்மா கோத்திரம், பாட்டி கோத்திரம் மூன்றையும் விலக்குவது வழக்கம். போதாதற்கு, அக்கம்பக்கத்து ஊர்களும் சகோதர ஊர்கள் என்று விலக்கு. மீறினால் காப் பஞ்சாயத்து, அதாவது குலப் பஞ்சாயத்து கூடும். மேஜரான இருவர் கல்யாணத்தில் காப் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே கோத்திரத்துக் கல்யாணத்தை இந்து திருமணச் சட்டமும் தடுக்கவில்லை.

இதற்கிடையில் ஹரியானாவில் பெண்ணே குறைவு. 2011 கணக்குப்படி ஆயிரம் ஆண்களுக்கு 879 பெண்கள். அதனால் வங்காளம், அசாம், பீகார், கேரளம் வரை போய்ப் பெண் கொண்டுவருகிறார்கள். ‘மோல்கி’ என்று அந்தப் பெண்களுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவள் என்று பொருள். அவள் என்ன கோத்திரம் என்று எந்தப் பஞ்சாயத்தும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.