சின்ன ஃப்ளாட்டை அழகாக்குவது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஹால் 10க்கு 12 அடிதான். சின்ன சோபா இரண்டு வாங்கலாமா, பெரியதாக ஒன்று போதுமா மேடம்?

ஒன்றே போதும். சின்ன அறைக்குச் சின்னச் சின்னச் சாமான்களாக வாங்கிப் போட்டால் அடைசல்தான் மிஞ்சும். நாலு பேர் தாராளமாக உட்காரும் ஒரே சோபா அறைக்கு ஒரு நிதானம் தரும். கால் வைத்த சோபாவாகப் பாருங்கள். அடியில் தரை தெரிந்தாலே இடம் விசாலமாகத் தோன்றும்.

வாங்கும் முன் அதன் நீள அகலத்துக்குத் தரையில் செய்தித்தாளை விரித்துவிட்டு இரண்டு நாள் புழங்கிப் பாருங்கள். நடக்கிற வழிக்கு 75 செ.மீ.யாவது வேண்டும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ. போதும். அப்புறம் லிஃப்ட் கதவு, மாடிப்படித் திருப்பம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

எல்லாச் சுவருக்கும் வெள்ளை அடித்தால் பெரிதாகத் தெரியும் என்கிறார்களே?

வெளிச்சம் நன்றாக வரும் அறையில் தெரியும். வெளிச்சமே வராத அறையில் வெள்ளை சாம்பல் பூத்துக் கிடக்கும். அங்கே சந்தனம், வெளிர் மஞ்சள் மாதிரி இதமான நிறம் நல்லது. எந்த நிறமானாலும் சுவருக்கும் கூரைக்கும் ஒன்றையே அடித்துப் பாருங்கள். சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது, அதனால் உயரம் கூடினாற்போல இருக்கும். பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் இரவில் விளக்கு போட்ட பிறகும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அலங்காரத்துக்குக் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது. முதலில் எதை மாற்றலாம் அக்கா?

விளக்கு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பெரும்பாலான வீடுகளில் கூரை நடுவிலோ ஒரு சுவரிலோ ஒரே ஒரு லைட் எரியும். மூலைகள் இருண்டு போகும். வெளிச்சம் விழுகிற பகுதி மட்டும்தான் அறை என்று மனசு எடுத்துக்கொள்ளும். அந்த ஒன்றுக்குப் பதிலாக வேறுவேறு உயரத்தில் மூன்று வைத்துப் பாருங்கள்: மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்கும் விளக்கு, சோபா பக்கத்தில் மேசை விளக்கு, அலமாரித் தட்டின் அடியில் ஒரு எல்இடி பட்டை. எல்லாமே பிளக்கில் சொருகுகிற வகையாகக் கிடைப்பதால் வயரிங்கைத் தொட வேண்டாம்.

பல்பு பெட்டியில் கெல்வின் எண் இருக்கும். அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது: குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000, சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000. 6500 நீலம் கலந்த வெள்ளை. இரவில் ஓய்வாக உட்காரும் இடத்துக்கு அது ஒத்துவராது. ஒரே அறையில் இரண்டு விதம் கலக்காதீர்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் இருந்தால் துணியின் நிறமும் முகத்தின் நிறமும் உள்ளபடி தெரியும்.

ஜன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடி மாட்டலாமா?

ஜன்னலில் வானமோ மரமோ தெரிந்தால் மாட்டுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தால் அந்தச் சுவர்தான் இரண்டாகும். அப்போது ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் மட்டும் உள்ளே பரவும்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாது என்கிறார் உரிமையாளர்.

ஒட்டும் கொக்கிகள் இருக்கின்றன. சுவரைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடையைத் தாண்டாதீர்கள். தொட்டால் கையில் மாவாக ஒட்டும் சுவரில் அவை நிற்காது. அங்கே படங்களை அலமாரி மேல் சாய்த்து வைத்தாலே அழகுதான். திரைச்சீலைக்கு ஜன்னல் சட்டத்துக்குள் இறுகி நிற்கும் ஸ்பிரிங் கம்பி போதும்.

ஆனால் ஆளுயர புத்தக அலமாரியைச் சுவரோடு திருகிப் பிணைக்காமல் வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை ஏறினால் அப்படியே அதன் மேலேயே சாய்ந்துவிடும். உரிமையாளரிடம் இதைச் சொல்லி அனுமதி கேளுங்கள். மறுத்தால் இடுப்புயர அலமாரியாக, அகலமாக வாங்குங்கள்.

வெயில் வராத வீட்டில் என்ன செடி வைக்கலாம்?

மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ. மூன்றுமே மங்கிய வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும். மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் சரி. பூனை, நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், மென்றால் மூன்றுமே அவற்றுக்கு ஆகாது.

பீரோவை இடம் மிச்சமாகட்டும் என்று சுவரோடு ஒட்டிப் போட்டோம். பின்னால் பூஞ்சணம் பூக்கிறது.

அது வெளிச்சுவராக இருக்கும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு ஓதமாகிறது, காற்றோட்டம் இல்லாததால் காய்வதில்லை. 5 செ.மீ. இடைவெளி விடுங்கள், முடிந்தால் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவருக்கு மாற்றிவிடுங்கள். இடைவெளி விட்ட பிறகும் பூத்தால் வெளியிலிருந்து நீர் கசிகிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே பெயின்ட் அடியுங்கள்.